கேஸ் மாத்திரை, அல்சர் மாத்திரை: ரானிட்டிடின் முதல் வோனோபிரசான் வரை ஓர் ஒப்பீடு

மருந்துக்கடையில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டால் ரான்டாக் (ரானிட்டிடின்) வரலாம், பான் 40 (பான்டோபிரசோல் 40 மி.கி.) வரலாம், பான்-டி வரலாம், டைஜீன் பட்டையும் வரலாம். வாங்குபவருக்கு எல்லாம் ஒரே இனம். வயிற்றுக்குள் போனதும் ஒவ்வொன்றும் வேறு இடத்தில் கைவைக்கிறது. ஒன்று சுரந்து முடிந்த அமிலத்தை முறிக்கிறது. ஒன்று அமிலம் சுரக்கச் சொல்லும் தகவலை மறிக்கிறது. ஒன்று அமிலத்தை வெளியே தள்ளும் புரதத்தையே முடக்குகிறது. இன்னொன்று அமிலத்தின் பக்கமே போகாமல் புண்ணின் மேல் படிந்து உட்காருகிறது. எந்த நேரத்தில் விழுங்குவது, எப்போது சுகம் தெரியும், எத்தனை மணி நேரம் தாங்கும், எங்கே கைவிடும் என்பதெல்லாம் மருந்து கைவைக்கும் இடத்தைப் பொறுத்தே அமைகிறது. எந்த மாத்திரைக்கும் வலி கேட்கவில்லை என்று மருந்தை மாற்றிக்கொண்டே போகிற பலருக்கு உண்மையில் மாற்ற வேண்டியது விழுங்கும் நேரம்தான்.

அமிலம் சுரக்கும் வழி

இரைப்பையின் மேல், நடுப்பகுதிச் சுவரில் பெரைட்டல் செல்கள் இருக்கின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரப்பவை இவைதான். பி.எச். என்ற அளவு குறையக் குறைய அமிலம் கூடும். இரத்தத்தின் பி.எச். 7.4. இந்தச் செல்லின் சுரப்புக் கால்வாயிலோ பி.எச். 1-ஐ ஒட்டி இருக்கும். ஹைட்ரஜன் அயனியின் அடர்த்தியில் இது பத்து லட்சம் மடங்குக்கும் மேலான வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு எதிராக அயனியைத் தள்ளும் புரதத்துக்குத்தான் புரோட்டான் பம்ப் என்று பெயர். ஒரு ஹைட்ரஜனை வெளியே தள்ளி, ஒரு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பம்பை ஓடவைக்கும் தகவல் மூன்று வழிகளில் வருகிறது. சாப்பாட்டைப் பார்த்ததும், மணம் பிடித்ததும் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. உணவு வயிற்றில் இறங்கியதும் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. பெரைட்டல் செல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இ.சி.எல். செல்கள் ஹிஸ்டமினைச் சுரக்கின்றன. காஸ்ட்ரின் தன் வேலையில் பெரும்பகுதியை இந்த ஹிஸ்டமினைத் தூண்டிவிட்டே செய்துகொள்கிறது. மூன்று சுவிட்ச், ஒரே மோட்டார் என்று வைத்துக்கொண்டால் இனி சொல்லப்போவது சுலபமாக விளங்கும்.

இவ்வளவு அமிலம் இருந்தும் வயிறு தன்னைத்தானே செரித்துக்கொள்வதில்லை. சளிப்படலம், அதனடியில் பைகார்பனேட், நல்ல இரத்த ஓட்டம் மூன்றும் சேர்ந்து சுவரைக் காக்கின்றன. இவற்றைப் பேணுவது புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற, உடம்பே செய்துகொள்ளும் வேதிப்பொருட்கள். புண் வருவது பெரும்பாலும் இந்தக் காப்பு உடைவதால்தான். உடைப்பதில் முதல் இரண்டு இடங்கள் எச்.பைலோரி என்ற பாக்டீரியாவுக்கும், டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளுக்கும். மிளகாய்க் காரமும் பட்டினியும் இருக்கிற புண்ணை வலிக்கவைக்கலாம்; புண்ணை உண்டாக்கியவர்கள் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. வலி மாத்திரையை ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையும் சரியல்ல. இரத்தத்தின் வழியாகப் போனாலும் அது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்தத்தான் செய்யும்.

ஆன்டாசிட்: வேகம் உண்டு, ஆயுள் இல்லை

டைஜீன், ஜெலுசில் வகைகளில் இருப்பவை மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் அலுமினியம் ஹைட்ராக்சைடும். வாயுக்குமிழை உடைக்க சிமெத்திகோன் சேர்ந்திருக்கும். மெக்னீசியம் வயிற்றைக் கழியவைக்கும், அலுமினியம் கட்டிக்கொள்ளச் செய்யும். ஒன்றை ஒன்று சரிக்கட்டத்தான் இரண்டையும் சேர்க்கிறார்கள். சில நிமிடங்களில் எரிச்சல் அடங்கும். ஆனால் வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணிக்குள் இரைப்பை அதைக் கீழே தள்ளிவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் உணவோடு சேர்ந்து தங்கி 2-3 மணி நேரம் வேலை செய்யும். ஈனோ போன்ற உப்புத்தூள்களில் சோடியம் அதிகம். இரத்த அழுத்தம், இதய பலவீனம் உள்ளவர்கள் தினமும் கலக்கிக் குடிக்கும் பொருள் அல்ல அது. புண்ணை ஆற்றுவதற்கு இன்று யாரும் ஆன்டாசிட்டை நம்புவதில்லை. மற்ற மருந்து வேலை தொடங்கும்வரை தாக்குப்பிடிக்கவே இது.

ரானிட்டிடின், ஃபமோட்டிடின்: ஒரு சுவிட்சை மட்டும் அணைப்பவை

ஹிஸ்டமின் போய் உட்காரும் எச்2 ஏற்பியை (தகவலை வாங்கிக்கொள்ளும் செல் புரதத்தை) மறிக்கும் மருந்துகள் இவை. ஜேம்ஸ் பிளாக் தலைமையிலான குழு கண்டுபிடித்த சிமெட்டிடின் 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதுவரை அல்சருக்கு அறுவை சிகிச்சை சாதாரணம். பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிமெட்டிடின் கல்லீரல் நொதிகளை மறித்து மற்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும், ஆண்களுக்கு மார்பகம் வீங்கச் செய்யும் என்பதால் 1981-இல் வந்த ரானிட்டிடின் அதன் இடத்தைப் பிடித்தது. பிறகு வந்தது ஃபமோட்டிடின்.

இவற்றின் பலம் இரவில் தெரியும். தூக்கத்தில் சுரக்கும் அமிலம் பெரும்பாலும் ஹிஸ்டமினின் தயவில்தான் ஓடுகிறது. அந்த ஒரு சுவிட்சை அணைத்தாலே அது வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் சாப்பிடும்போது நரம்பும் காஸ்ட்ரினும் தங்கள் வழியில் பம்பை ஓட்டிக்கொண்டிருக்கும், அங்கே இவற்றின் பிடி தளர்வு. ஃபமோட்டிடின் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி 10-12 மணி நேரம் தாங்கும். புண்ணுக்கு வழக்கமான அளவு இரவில் 40 மி.கி. ஒரே வேளையாக, அல்லது 20 மி.கி. இரண்டு வேளை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கணக்கு இதற்குப் பெரிதாகத் தேவையில்லை. முன்சிறுகுடல் புண்ணில் நான்கு வாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு ஆறிவிடும்.

பலவீனம் இரண்டு. தொடர்ந்து எடுத்தால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகிப்போய் மருந்தின் வீரியம் குறைகிறது. முதல் வாரம் அருமையாக வேலை செய்த மாத்திரை மூன்றாம் வாரம் ஏமாற்றுவது இதனால்தான், கம்பெனி கோளாறு இல்லை. இரண்டாவது, இவை சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, அளவைக் குறைக்காமல் கொடுத்தால் பிதற்றல், மனக்குழப்பம் வரும். திடீரென்று பாட்டி சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் மாத்திரைச் சீட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ரானிட்டிடினுக்கு மட்டும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் சில ரானிட்டிடின் மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருள் இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பிறகு நடந்த சோதனைகளில் சேமிப்பில் இருக்கும்போதே, வெப்பம் கூடக்கூட, அந்தப் பொருள் பெருகுவது தெரிந்தது. 2020 ஏப்ரலில் எல்லா ரானிட்டிடினையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொன்னார்கள். இந்தியாவில் 2022 செப்டம்பரில் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், விற்பனை நிற்கவில்லை. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், குளிர்சாதனம் இல்லாத கடை அலமாரியில் கிடந்த ரானிட்டிடினைத் தேடிப்போய் வாங்க இப்போது காரணம் எதுவும் இல்லை. அதே வேலையை ஃபமோட்டிடின் செய்கிறது, இந்தச் சிக்கல் அதில் இல்லை, விலையும் குறைவு.

பிரசோல்கள்: மோட்டாரையே நிறுத்துபவை, ஆனால் ஓடும் மோட்டாரை மட்டும்

ஓமிபிரசோல் 1988-இல் ஸ்வீடனில் வெளியானது. பின்னாலேயே லான்சோபிரசோல், பான்டோபிரசோல், ரபிபிரசோல், எசோமிபிரசோல். பெயர் எல்லாமே 'பிரசோல்' என்று முடியும். வேலை செய்யும் முறையும் ஒன்றே. எந்த சுவிட்சிலிருந்து தகவல் வந்தாலும் கடைசியில் ஓட வேண்டியது பம்ப்தான் என்பதால், எச்2 மருந்துகளைவிட இவற்றின் அடி பலமானது.

இவை வேலை செய்யும் விதம் சற்று சுற்றுவழி, அந்தச் சுற்றுவழியில்தான் எல்லாத் தவறுகளும் நடக்கின்றன. விழுங்கும் மாத்திரையில் இருப்பது செயலற்ற வடிவம். அமிலம் பட்டால் உருமாறும். அது வயிற்றுக்குள்ளேயே உருமாறினால் வீண், ஆகவே அமிலத்தில் கரையாத மேல்பூச்சு பூசியிருக்கிறார்கள். மாத்திரை இரைப்பையைக் கடந்து சிறுகுடலில் கரைகிறது, இரத்தத்தில் ஏறுகிறது, சுற்றிக்கொண்டு பெரைட்டல் செல்லுக்கு வருகிறது. மருந்து வலுக்குறைந்த காரம் (அமிலத்துக்கு எதிரான வகை) என்பதால், அமிலம் நிறைந்த சுரப்புக் கால்வாய்க்குள் நுழைந்ததும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு வெளியேற முடியாமல் அங்கேயே குவிகிறது. இரத்தத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அங்கே உருமாறி, பம்பில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு கந்தகப் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. அந்தப் பம்ப் அத்தோடு முடிந்தது. செல் புதிதாகப் பம்ப் செய்தால்தான் உண்டு.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறக்கின்றன. இரத்தத்தில் மருந்து இருப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். ஆனால் விளைவு ஒரு நாளுக்கு மேல் நீள்கிறது, ஏனென்றால் புதிய பம்ப் உருவாக நேரமாகும். இது நல்ல பக்கம். மறுபக்கம்: மருந்து உருமாற அமிலம் வேண்டும். ஓடாத பம்பின் அருகே அமிலம் இல்லை, அங்கே மருந்துக்கும் வேலை இல்லை. இரவு முழுக்கப் பட்டினிக்குப் பிறகு காலை உணவு இறங்கும்போதுதான் பம்புகள் அதிக எண்ணிக்கையில் ஓடத்தொடங்கும். அந்த நேரத்தில் இரத்தத்தில் மருந்து உச்சத்தில் இருக்க வேண்டும்.

அதனால்தான் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு என்ற விதி. முன்பு விழுங்கிவிட்டு மதியம் வரை சாப்பிடாமல் இருந்தால், பம்ப் ஓடத் தொடங்கும்போது மருந்து போய்விட்டிருக்கும். டிபன் முடித்து ஏப்பம் விட்டு விழுங்கினாலும் உணவோடு சிக்கி, தாமதமாகக் குடலுக்குப் போய், சந்தர்ப்பம் தவறிவிடும். இரவு படுக்கப்போகும்போது ஒன்று போட்டுக்கொள்வது மிகப் பரவலான பழக்கம். மருந்துக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. இரண்டு வேளை எழுதிக்கொடுத்திருந்தால் இரண்டாவது மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு.

முதல் நாளே பூரண சுகம் கிடைக்காததற்கும் இதுவே காரணம். ஒரே நேரத்தில் எல்லாப் பம்பும் ஓடுவதில்லை. முதல் மாத்திரை அன்று ஓடியவற்றை மட்டும் பிடிக்கும், மீதியை அடுத்தடுத்த நாள் மாத்திரைகள் பிடிக்கும். கிட்டத்தட்ட மூன்று முதல் ஐந்து நாளில்தான் முழு வீச்சு. 'எரியும்போது மட்டும் ஒரு பான் 40' என்பவர்கள் முழு வீச்சை ஒருநாளும் அடைவதில்லை. எரியும்போது மட்டும் வேண்டுமென்றால் ஆன்டாசிட்டோ ஃபமோட்டிடினோ அவர்களுக்குப் பொருத்தம்.

மேல்பூச்சு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கக் கூடாது என்பதும் அதே கணக்குதான். மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுக்கப்படும் நோயாளிக்கு பான்டோபிரசோலை அம்மியில் அரைத்ததுபோல் அரைத்துக் கொடுத்தால், போன மருந்தில் பெரும்பகுதி வயிற்று அமிலத்திலேயே அழியும். அதற்கென்று உள்ள துகள் வடிவமோ, கரையும் மாத்திரையோ கேட்டு வாங்க வேண்டும்.

பிரசோல்களுக்குள் யார் பெரியவர்?

அமிலத்தை அடக்கும் திறனை ஓமிபிரசோலை அளவுகோலாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பான்டோபிரசோல் 40 மி.கி., ஓமிபிரசோல் 9 மி.கி.க்குத்தான் சமம். எசோமிபிரசோல் 40 மி.கி. ஏறக்குறைய 64 மி.கி.க்கும், ரபிபிரசோல் 20 மி.கி. 36 மி.கி.க்கும் சமம். அதாவது தமிழ்நாட்டில் அதிகம் புழங்கும் பான் 40 இந்தக் குடும்பத்தில் மெலிந்தவர். சாதாரணப் புண் ஆறுவதற்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எல்லாமே நான்கிலிருந்து எட்டு வாரத்தில் ஆற்றிவிடும். எச்.பைலோரி சிகிச்சையிலும், அமிலம் மேலேறி உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கும் உணவுக்குழாய் அரிப்பு கடுமையாக இருக்கும்போதும் தெரியும்.

பான்டோபிரசோலின் பெருமை வேறிடத்தில். பிரசோல்களை உடைப்பதில் கல்லீரலின் 2சி19 என்ற நொதிக்குப் பெரும்பங்கு. மாரடைப்புக்குப் பின் இரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் குளோபிடோகிரெல் செயல்வடிவம் பெறவும் அதே நொதி வேண்டும். ஓமிபிரசோலும் எசோமிபிரசோலும் அதை மறித்து குளோபிடோகிரெலைப் பலவீனப்படுத்துகின்றன. இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அவை இரண்டையும் தவிர்த்து பான்டோபிரசோல் கொடுப்பது இதனால்தான். ரபிபிரசோலில் பெரும்பங்கு நொதி இல்லாமலேயே உடைகிறது; ஆகவே ஆளுக்கு ஆள் மாறும் தன்மை அதில் குறைவு. 2சி19 மெதுவாக வேலை செய்யும் மரபணு வடிவம் தமிழர்களிடம் பரவலாக உண்டு. அத்தகையவர்களுக்கு ஓமிபிரசோல் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே வேலை செய்யும், குளோபிடோகிரெல் குறைவாக.

பான்-டி தனிக்கதை. பான்டோபிரசோல் 40 மி.கி.யோடு மெதுவாகக் கரையும் டோம்பெரிடோன் 30 மி.கி. சேர்ந்தது அது. டோம்பெரிடோன் குமட்டலுக்கானது, இரைப்பையை வேகமாகக் காலியாக்குவது. புண்ணை ஆற்றுவதில் அதற்குப் பங்கில்லை. ஈ.சி.ஜி.யில் தெரியும் க்யூ.டி. இடைவெளியை நீட்டி இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யக்கூடியது என்பதால், ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014-இல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் தரச் சொன்னது. வாந்தி உணர்வே இல்லாதவர் மாதக்கணக்கில் பான்-டி விழுங்குவதற்கு நியாயம் கற்பிப்பது கடினம்.

வோனோபிரசான்: புதிய வரவு

பெயரைப் பார்த்து இதையும் பிரசோல் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. ஜப்பானின் டக்கேடா நிறுவனம் உருவாக்கியது. அங்கே 2014 இறுதியில் அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் 2022-இல் எச்.பைலோரிக்கு, 2023-இல் உணவுக்குழாய் அரிப்புக்கு. இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது.

பம்ப் உள்ளே இழுக்க வேண்டிய பொட்டாசியத்தின் இடத்தில் இது போய் அடைத்துக்கொள்கிறது. நிரந்தரப் பிணைப்பு போடுவதில்லை, ஆனால் சீக்கிரம் விட்டுப்போவதும் இல்லை. உருமாற அமிலம் தேவையில்லை. வயிற்று அமிலத்தில் சிதைவதும் இல்லை, ஆகவே மேல்பூச்சும் வேண்டாம். பிரசோல்களைவிட வலுவான காரம் என்பதால் கால்வாய்க்குள் இன்னும் அடர்த்தியாகக் குவிகிறது. ஓடாத பம்பின் பக்கத்திலும் காத்திருக்க முடிகிறது. இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏழெட்டு மணி நேரம் பிடிக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள்: சாப்பிடுமுன் விழுங்கினாலும் பின் விழுங்கினாலும் ஒன்றே, முதல் நாளே ஏறக்குறைய முழு வீச்சு, இரவிலும் பிடி தளர்வதில்லை. ஜப்பானில் இரைப்பைப் புண்ணுக்கு 20 மி.கி. தினம் ஒரு வேளை 8 வாரம், முன்சிறுகுடல் புண்ணுக்கு 6 வாரம். வலி மாத்திரையையோ குறைந்த அளவு ஆஸ்பிரினையோ நிறுத்த முடியாதவர்களுக்குப் புண் திரும்பாமல் காக்க 10 மி.கி.

அப்படியானால் பிரசோல்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? சாதாரணப் புண்ணுக்கு அவசியமில்லை. அங்கே லான்சோபிரசோலும் இதுவும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் ஆற்றுகின்றன. விலை கூட. அமிலம் மிக அதிகமாக அடங்குவதால் காஸ்ட்ரின் பிரசோல்களைவிடக் கூடுதலாக ஏறுகிறது. பல பத்தாண்டு அனுபவம் பிரசோல்களுக்கு இருக்கிறது, இதற்கு இன்னும் சேரவில்லை. விதிப்படி காலையில் விழுங்கியும் ஆறாத கடுமையான உணவுக்குழாய் அரிப்பு, எச்.பைலோரி ஒழிப்பு, சாப்பாட்டு நேரமே நிலையில்லாத இரவுப்பணிக்காரர்கள் என்று இதற்கு உரிய இடம் தெளிவாக இருக்கிறது.

சுக்ரால்ஃபேட்டும் மிசோபிராஸ்டாலும்

சுக்ரால்ஃபேட் சர்க்கரை மூலக்கூறோடு சல்பேட்டும் அலுமினியமும் சேர்ந்த பொருள். பி.எச். 4-க்குக் கீழே போனால் பசைபோலத் திரண்டு, புண்ணின் அடியில் திறந்துகிடக்கும் புரதங்களில் ஒட்டி ஆறு மணி நேரம் வரை மூடிவைக்கும். உடம்பில் கலப்பது மிகக் குறைவு. அளவு 1 கிராம், ஒரு நாளைக்கு நான்கு முறை: மூன்று வேளை சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்பும் படுக்கும்போதும். நான்கு முறையையும் யாரும் ஒழுங்காக எடுப்பதில்லை என்பதே இதன் முதல் குறை. ஆன்டாசிட்டோடு சேர்த்தால் திரள்வதற்கு வேண்டிய அமிலம் போய்விடும், அரை மணியாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின், ஃபெனிட்டாயின், டிகாக்சின் ஆகியவற்றை இது தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது தள்ளியே எடுக்க வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். டயாலிசிஸ் நிலையில் இருப்பவருக்கு அலுமினியம் உடம்பில் சேரும். மலச்சிக்கல் வரும்.

மிசோபிராஸ்டால், இழந்த புரோஸ்டாகிளாண்டினை வெளியிலிருந்து தருவது. வலி மாத்திரையால் வரும் புண்ணுக்கு இதுதான் நேரடி மாற்று. 200 மைக்ரோகிராம் நான்கு வேளை. வயிற்றுப்போக்கும் வயிற்றுப்பிடிப்பும் பலரைப் பாதியில் நிறுத்தவைக்கும். கருப்பையையும் சுருக்கும், கருக்கலைப்பில் பயன்படுவது இதே மருந்துதான். கர்ப்பிணிக்குப் புண் மருந்தாக இதைத் தரவே கூடாது. பிரசோல் இருக்கும்போது இதைத் தேட வேண்டிய நிலை அரிது.

புண் ஆறுவது வேறு, திரும்பாமல் இருப்பது வேறு

மேலே சொன்ன எந்த மருந்தும் எச்.பைலோரியைத் தனியாகக் கொல்லாது. அமிலத்தை அடக்கினால் புண் ஆறும், நிறுத்தியதும் ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பும். பாக்டீரியாவை ஒழித்தால் திரும்புவது அபூர்வம். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் இந்தப் பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார்கள். நம்பாதவர்களுக்காக 1984-இல் மார்ஷல் அதை ஒரு குவளை குடித்தே காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல்.

ஒழிக்கும் வழிகள் இரண்டு அதிகம் புழங்குகின்றன. நம் ஊர்க் கடைகளில் 'கிட்' என்று கிடைப்பது பிரசோல், அமாக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மி.கி., மூன்றும் நாளைக்கு இரண்டு வேளை. எடுக்க எளிது. ஆனால் கிளாரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு வளர்ந்த இடங்களில் தோற்கிறது. 15 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு இருக்கும் பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தரக் கூடாது என்பது பொது விதி. மற்றது பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறை: பிரசோல் இரண்டு வேளை, பிஸ்மத் நான்கு வேளை, டெட்ராசைக்ளின் 500 மி.கி. நான்கு வேளை, மெட்ரோனிடசோல் மூன்று நான்கு வேளை. மாத்திரை எண்ணிக்கையைப் பார்த்தாலே மலைப்பு வரும். இருந்தாலும் அமெரிக்க இரைப்பைக்குடல் மருத்துவர்களின் அமைப்பான ஏ.சி.ஜி.யின் 2024 வழிகாட்டல் இதையே 14 நாள் முதல் தேர்வாகச் சொல்கிறது. நோயாளி முழுதாக முடிப்பார் என்ற உறுதி இருந்தால் அதுதான் என் தேர்வும். ஏழு நாளில் நிறுத்துவது, பிழைத்த பாக்டீரியாவுக்குப் பயிற்சி கொடுப்பது.

ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது பிரசோல் எதற்கு என்று கேட்கலாம். அமிலம் குறைந்தால்தான் பாக்டீரியா வேகமாகப் பெருகும். அமாக்சிசிலின் பெருகும் பாக்டீரியாவைத்தான் கொல்லும். இந்த இடத்தில் அமில அடக்கம் எவ்வளவு பலமோ அவ்வளவு வெற்றி, வோனோபிரசானின் மதிப்பு இங்கே ஏறுகிறது.

பிஸ்மத் எடுக்கும்போது மலமும் நாக்கும் கறுக்கும், பயப்பட வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்கவைக்கும். இரத்தக் கசிவால் வரும் கறுப்பு வேறு: தார்போலப் பிசுபிசுப்பாக, பளபளப்பாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு இருக்கும். அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி. காபித்தூள் நிறத்தில் வாந்தி, காரணமின்றி எடை குறைவது, விழுங்கச் சிரமம், இரத்தசோகை ஆகியவையும் அப்படியே; இவை இருக்கும்போது கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தக் கூடாது. இரைப்பையில் வந்த புண் என்றால் 8 வாரம் கழித்து மறுபடி எண்டோஸ்கோப்பி பார்ப்பது வழக்கம். ஆரம்பப் புற்றுப்புண்கூட பிரசோலில் ஆறியதுபோலத் தோற்றம் காட்டும்.

சோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை. யூரியா மூச்சுச் சோதனை, மலச் சோதனை இரண்டுக்கும் பிரசோலை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்கையும் பிஸ்மத்தையும் நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாக்டீரியா ஒளிந்துகொண்டு, இல்லை என்று பொய் முடிவு வரும். அந்த இடைவெளியில் எரிச்சல் தாங்காதவர்கள் ஃபமோட்டிடின் அல்லது ஆன்டாசிட் எடுக்கலாம். மூச்சுச் சோதனைக்கு முந்தைய நாள் ஃபமோட்டிடினையும் விட்டுவிட வேண்டும்.

இரத்தம் கொட்டும் புண்ணில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. பி.எச். 6-க்கு மேல் இருந்தால்தான் இரத்தம் உறையும். அதற்குக் கீழே பெப்சின் என்ற செரிமான நொதி உறைந்ததையும் கரைத்துவிடும். எச்2 மருந்துகளால் அந்த உயரத்தில் நிறுத்திவைக்க முடியாது. எண்டோஸ்கோப்பியில் இரத்தத்தை நிறுத்திய பிறகு பான்டோபிரசோல் 80 மி.கி. இரத்தக்குழாயில் செலுத்தி, மணிக்கு 8 மி.கி. வீதம் 72 மணி நேரம் ஏற்றுவது இதற்காகத்தான்.

நீண்ட நாள் எடுப்பதும், நிறுத்துவதும்

பிரசோல் எடுத்தால் எலும்பு முறியும், சிறுநீரகம் கெடும், மறதி வரும் என்று பகிரப்படும் செய்திகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே நோயுற்றவர்கள்தான் பிரசோல் அதிகம் எடுக்கிறார்கள் என்பதைக் கணக்கில் சரிவரக் கழிக்காத ஆய்வுகளிலிருந்து வந்தவை. 17,598 பேரைச் சேர்த்து, பான்டோபிரசோல் 40 மி.கி.யையும் போலி மாத்திரையையும் மூன்றாண்டு ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில் தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்: பான்டோபிரசோல் எடுத்தவர்களில் 1.4 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 1.0 சதவீதம். ஆகவே ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் எடுக்கும் முதியவர், வாட்ஸ்அப்பைப் பார்த்து பிரசோலை நிறுத்துவது ஆபத்தான காரியம். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு மெக்னீசியம், பி12, இரும்பு குறையக்கூடும். சோதித்துப் பார்த்தால் போதும். திடீர் சிறுநீரக அழற்சி அரிதாக வரும், வந்தால் மருந்தை நிறுத்த வேண்டும். தைராய்டு மாத்திரையின் அளவைச் சிலருக்குக் கூட்ட வேண்டியிருக்கும்.

அதே சமயம், ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கோடு துணைக்குச் சேர்க்கும் 'கேஸ் மாத்திரை'க்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. அமாக்சிசிலின் வயிற்றைப் புண்ணாக்காது. வலி மாத்திரை சேர்ந்திருந்து, வயது 65-ஐத் தாண்டியிருந்தாலோ முன்பு புண் வந்திருந்தாலோ அர்த்தம் உண்டு.

நிறுத்தும்போதுதான் இன்னொரு வித்தியாசம் தெரிகிறது. அமிலம் அடங்கியிருந்த காலம் முழுக்க காஸ்ட்ரின் ஏறி, இ.சி.எல். செல்களைப் பெருக்கிவைத்திருக்கும். மருந்தை நிறுத்தியதும் அவை முழு வேகத்தில் ஹிஸ்டமினைக் கொட்டும். டென்மார்க்கில் வயிற்றுத் தொல்லையே இல்லாத 120 பேரை வைத்து ஆய்வு நடந்தது. எட்டு வாரம் எசோமிபிரசோல் எடுத்து நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லை வந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம். இதை நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடி மாத்திரையைத் தொடங்குபவர்கள் ஏராளம். மாதக்கணக்கில் எடுத்தவர் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி, பிறகு அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் இறங்கலாம். இடையில் எரிந்தால் அன்றைக்கு மட்டும் ஃபமோட்டிடின் 20 மி.கி. அல்லது ஆன்டாசிட். கொட்டுவது ஹிஸ்டமின்தான் என்பதால் இந்த இடத்தில் எச்2 மருந்து மிகச் சரியாகப் பொருந்துகிறது. தினமும் தொடராமல் எரியும் அன்று மட்டும் எடுப்பதால் உடம்பு பழகிப்போகும் குறையும் பெரிதாகத் தலைகாட்டுவதில்லை. எரிச்சல் இரண்டு மாதத்தைத் தாண்டியும் அடங்காவிட்டால் அது மருந்து நிறுத்தியதன் எதிர்வினை என்று கொள்ள முடியாது. எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும்.